என் லட்சியங்களுக்கு ஒரு பெரட்டு

ஒன்றரை மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் கிளார்க்காக இருக்கிற தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி தங்கம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தாள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

நேராகப் பிடித்திருந்தாள்!

தங்கத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஒரே தைரியத்தில்தான் ஐந்து வருஷமாக, வாராவாரம், இந்த இடத்தில் அவளுடைய ரசத்தையும் குறட்டையையும் பற்றி எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை வீட்டுக்கு வரும். அவள் அதை அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் மிளகாய்த்தூள் டின்னை வைப்பாள். என் எழுத்துக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். எனக்கும் அது மிகவும் சௌகரியமாக இருந்தது.

"ஏங்க..." என்றாள், தலையை நிமிர்த்தாமல். "இந்த 'என் வீட்டு அம்மாள்'ங்கிறது யாரு?"

"அது... சும்மா ஒரு கற்பனை."

"அவங்க வைக்கிற ரசத்துல தோணி விடலாமாமே?"

"எழுத்துன்னா கொஞ்சம் அப்படி இப்படி..."

"அவங்க குறட்டை விட்டா பெரகல சந்தியில நாய் குலைக்குதாமே?"

"தங்கம், சோறு போடுறியா?"

"அவங்க பேரும் தங்கமாமே?"

நான் செருப்பைக் கழற்றலாமா, மாட்டியபடியே இருக்கலாமா என்று யோசித்தேன். அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. பத்திரிகையை நாலாக மடித்து வைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பிஸ்கட் டின்.

அதைப் பார்த்ததும்தான் நான் வெளிவாசலைத் திரும்பிப் பார்த்தேன். ரசமாவது, குறட்டையாவது! அந்த டின்னில் இருப்பது அவளுடைய அக்காவின் கடிதங்கள்.

முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார் அக்கா. தங்கத்துக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். கடல் தாண்டி இலங்கைக்கு வந்து ஒன்பது வருஷம். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் கடிதம். அந்தக் கடிதமும் எட்டு மாதமாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று தங்கம் தினமும் கேட்பாள். கப்பல் தாமதம் என்று நானும் தினமும் சொல்வேன். இப்போது அவளுக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது. டின்னும் கையில் இருக்கிறது.

நீங்கள் கவனித்திருப்பீர்கள் – அதற்கப்புறம் வந்த ஐந்து வாரமும் இந்தப் பத்தியில் என் மனைவி வரவில்லை. ரத்தம் குடிக்கிற அட்டை வந்தது. பனி வந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாய்க்குக் காய்ச்சல் வந்தது. "என்ன ஐயா, சரக்குத் தீர்ந்துவிட்டதா?" என்று பதுளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரக்கு இருக்கிறது ஐயா. தைரியம்தான் தீர்ந்துபோயிருந்தது.

சரி, இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்தேன்? எல்லாம் என் லட்சியங்களால் வந்த வினை.

சித்திரைப் பிறப்போடு எனக்கு நாற்பது முடிந்தது. அன்றைக்கு அலமாரிக் கதவைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் பென்சிலால் என் லட்சியங்களை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக எழுதியது. மொத்தம் பதினொன்று. சைக்கிள் பழகுவது. வயலின் வாசிப்பது. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணுவது. தொந்தியைக் குறைப்பது. தினமும் டயரி எழுதுவது. அதற்கு நேர் கீழே, வேறு பென்சிலில் – 'டயரியைத் தேடுவது'.

பதினொன்றில் எத்தனை முடிந்தது? ஒன்றுமில்லை. டயரி கூடக் கிடைக்கவில்லை.

நான் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஆரம்பித்தேன்! வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் தந்தி அறுந்தது. உடனே பண்டாரவளைக்குப் போனேன். வழக்கமான கடையின் முஸ்லிம் முதலாளி – நாங்கள் 'நானா' என்போம் – கையை விரித்தார். "தந்தி இல்லீங்க. நல்ல முட்டைக்கோஸ் விதை வந்திருக்கு, தரட்டுமா?" என்றார். வாங்கினேன். முட்டைக்கோஸ் போட்டேன். புழு விழுந்தது. புழுவைப் பற்றிப் படிக்க ஒரு இங்கிலீஷ் புத்தகம் வரவழைத்தேன். அதில் பட்டாம்பூச்சிப் படம் அழகாக இருந்தது. பட்டாம்பூச்சி பிடிக்க வலை தைத்தேன். அந்த வலையில் இப்போது தங்கம் வெங்காயம் தொங்கவிட்டிருக்கிறாள்.

சங்கீதத்தில் ஆரம்பித்து வெங்காயத்தில் முடிந்தது என் வாழ்க்கை.

இப்படி உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, பெரட்டுக் களத்தில் நின்றபோது, எனக்கு ஞானம் பிறந்தது.

தோட்டத்தில் இல்லாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். காலையில் தப்புப் பறை அடித்ததும் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். அதுதான் பெரட்டு. "நீ கொழுந்து பறிக்க, நீ செடியக் கழிச்சு கவ்வாத்துப் பண்ண, நீ புல்லு வெட்ட" என்று பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். கால் மணி நேரம். முந்நூறு பேரும் மலையில் ஏறிவிடுவார்கள். ஒருத்தராவது 'என் வாழ்க்கையின் நோக்கம் என்ன' என்று களத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார்களா? இல்லையே!

என் லட்சியங்களுக்கும் இதுதான் குறை. அவற்றுக்கு யாரும் பெரட்டு வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் பின்னால் ஆரம்பித்தேன். ஒவ்வொரு லட்சியத்தையும் ஒரு காகிதத்தில் எழுதித் தரையில் வரிசையாக வைத்தேன். எங்கள் தோட்டம் பெரகலைக்கு மேலே மலை விளிம்பில் இருக்கிறது. காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொந்திதான் முதலில் பறந்தது. அத்தனை லேசாக அது போனதே இல்லை. டயரி பள்ளத்தில் விழுந்தது. மிச்சமும் மொனராகலைப் பக்கம் போய்விட்டன. யாராவது பொறுக்கி எடுத்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

கையில் பிடித்துக்கொண்டது நாலே நாலு. இனி காகிதம் உதவாது. காற்றுக்குப் பறக்காத ஆட்கள் வேண்டும்.

தபால் பையோடு தினமும் அப்புத்தளைக்கு நடந்து போய்வருகிற கருப்பையாவைக் கூப்பிட்டேன். மலையில் ஆட்களை வேலை வாங்குகிற சின்னக் கங்காணி மாரிமுத்துவும் எதற்கோ வந்தவர் மாட்டிக்கொண்டார்.

"வரிசையா நில்லுங்க" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை பெரட்டுங்களா?" என்றார் மாரிமுத்து. "தொரைக்குத் தெரியுமுங்களா?"

"இது தோட்டத்துப் பெரட்டு இல்ல. என் லட்சியங்களோட பெரட்டு."

"லட்சியம்னா... புதுசா வந்திருக்கிற ஆளுங்களா?"

"என் ஆசைங்கப்பா. செய்யணும்னு நெனச்சு செய்யாம விட்டதெல்லாம்."

"அடேங்கப்பா! அதுக்கு ரெண்டு பேர் பத்துமுங்களா?"

நான் கம்பை எடுத்துத் துரை மாதிரி கக்கத்தில் வைத்துக்கொண்டேன். "கருப்பையா, நீ சைக்கிள்."

"நானுங்களா?"

"சைக்கிள் இல்ல. சைக்கிள் பழகுறது. மாரிமுத்து, நீங்க வயலின்."

மாரிமுத்து மீசையைத் தடவினார். பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

இங்கிலீஷ் பரீட்சைக்கு ஆள் இல்லை. தங்கம் வளர்க்கிற கிடாவைக் கொண்டுவந்து கட்டினேன். சத்தம் கேட்டுத் தங்கம் கையில் முறத்தோடு வெளியே வந்தாள்.

"காலங்காத்தால இது என்னங்க கூத்து?"

"நீயும் அந்தக் கடைசியில நில்லு."

"நான் என்ன?"

"நீ எழுத்து. கல்யாணமான புதுசுல சொன்னேனே... எழுதப் படிக்கச் சொல்லித் தர்றேன்னு."

அவள் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தாள்.

"அது ஒங்களுக்கு நெனப்பிருக்கா?"

"அலமாரியில முதல் வரியே அதுதானே!"

"அலமாரியத் தொடைக்கிறப்பல்லாம் பாக்குறேன். என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியாது" என்றாள். பிறகு போய்க் கிடாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

பேர் கூப்பிட்டேன். "சைக்கிள்!" – "இருக்கேங்க!" "வயலின்!" – "வந்திருக்கு!" "பரீட்சை!" – மே! "எழுத்து!" – "இங்கதாங்க நிக்கிறேன்."

வேலை பிரித்தேன். சைக்கிள் ஒரு வாரத்தில் ரோடு வரைக்கும் விழாமல் போகவேண்டும். வயலின் ஒரு மாதத்தில் ஒரு பாட்டு. பரீட்சை இலக்கணப் புத்தகத்தை முடிக்கவேண்டும். எழுத்து, அக்காவின் கடிதத்தைத் தானே படிக்கவேண்டும். "போங்க வேலைக்கு!" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். சாயங்காலம்வரை தூங்கினேன். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் இல்லை. எல்லா லட்சியத்துக்கும் வேலை கொடுத்தாகிவிட்டதே!

நான் செய்த தவறு என்ன என்று உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

காலையில் கொட்டகையில் சைக்கிளைக் காணோம். பதுளையில் ஒரு துரை சீமைக்குக் கிளம்பும்போது என்னிடம் விட்டுப்போனது. இரண்டு வருஷமாக அதன்மேல் கோழிதான் ஏறிக்கொண்டிருந்தது. தேடிக்கொண்டு போனேன். இரண்டாவது வளைவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இரண்டு சக்கரமும் இரண்டு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கருப்பையா! என்ன செய்ற?"

"பெரட்டுல குடுத்த வேலைங்க" என்றது செடி.

"அடேய், அது நான் பழகுறதுக்குடா! நீ சும்மா அதோட இடத்துல நின்னே, அவ்வளவுதான்!"

கருப்பையா எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பெரட்டுல நின்னு, பேர் சொல்லி, வேலையும் வாங்கிட்டு, செய்யாம லயத்துக்குப் போறதுங்களா? அது எப்படிங்கையா?"

பரம்பரையாகப் பெரட்டில் நின்று வந்தவர்களுக்கு 'சும்மா நிற்பது' என்றால் என்னவென்றே தெரியாது. அது என்னைப் போலப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாரிமுத்துவிடம் போனேன். வயலினில் நாலு தந்தியும் இருந்தன.

"ஏது தந்தி?"

"பண்டாரவளையில வாங்கினேங்க."

"நானா கடையில இல்லைன்னாரே!"

"அடுத்த கடையில இருந்துச்சுங்க."

ஐயா! இரண்டு வருஷம்! முட்டைக்கோஸ், புழு, பட்டாம்பூச்சி, வெங்காயம்... அடுத்த கடை!

ஒரு மாதத்தில் கருப்பையா அப்புத்தளைக்குச் சைக்கிளில் போய்வந்தான். போகும்போது மேடு என்பதால் தள்ளிக்கொண்டு போவான். வரும்போது அவன் வருகிறான் என்று கோழிகளுக்கு முதலில் தெரியும். துரை பார்த்துவிட்டு 'வெரி குட்' என்றாராம். மாரிமுத்து ஒரு கல்யாணத்தில் வாசித்தார். மாப்பிள்ளை அழுதார். சந்தோஷத்தில் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கிடா இலக்கணப் புத்தகத்தை ஏழாம் பாடம்வரை தின்று முடித்துவிட்டது. அந்தப் புத்தகத்தில் நான் இரண்டாம் பாடத்தைத் தாண்டினதில்லை.

யாராவது "லட்சியமெல்லாம் எப்படிங்க போகுது?" என்று கேட்டால், "அமோகமா முன்னேறுது" என்பேன். பொய்யா? இல்லையே. நான் மட்டும்தான் கூட இல்லை.

இந்த அமளியில் நாலாவது ஆளை நான் கவனிக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கருப்பையா தபால் கொண்டுவருவான். அவனுக்குக் கடித உறை மேல்விலாசம் படிக்கிற அளவுக்கு எழுத்துத் தெரியும். தங்கம் அவனுக்கு ஒரு குவளை தேத்தண்ணீர் கொடுப்பாள். அவன் ஒரு உறையைக் காட்டுவான். எழுத்து எழுத்தாக, விலாசம் விலாசமாக, அந்தத் தோட்டத்து ஜனங்களின் பேர்களையெல்லாம் படித்துப் பழகிவிட்டாள். பேர் பழகியதும் வரி வேண்டும். வீட்டில் வரி எங்கே இருக்கிறது? மிளகாய்த்தூள் டின்னைத் தூக்கினால் இருக்கிறது! அலமாரியின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை, ஐந்து வருஷத்து நான்!

என் மனைவிக்கு ஆனா ஆவன்னாவுக்கு அடுத்த பாடப் புத்தகம் இந்தப் பத்தி. உலகத்தில் எந்த எழுத்தாளனுக்காவது இப்படி ஒரு கதி வந்திருக்குமா?

சரி... அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

தங்கம் டின்னைத் திறந்து, கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது இருக்கும். "ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். அக்காவுக்கும் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல ஊர் வாத்தியார் எழுதுவார். அந்த வாத்தியார் லேசுப்பட்டவர் இல்லை. 'மகா ராஜ ராஜ ஸ்ரீ' என்று ஆரம்பித்தால் முதல் பக்கம் முழுக்க மரியாதைதான். என்னையும், என் குலத்தையும், எங்கள் தோட்டத்தையும் வாழ்த்துவார். நான் அதைத் தங்கத்துக்கு வாசித்துக் காட்டும்போது பாதிப் பக்கத்திலேயே என் மனசு முட்டைக்கோசுக்குப் போய்விடும். "அப்புறம் என்ன எழுதியிருக்கு?" என்று அவள் கேட்பாள். "எல்லாரும் சௌக்கியம். மழை இல்லையாம்" என்று மடித்துவிடுவேன். பதிலுக்கு அவள் அரை மணி நேரம் சொல்வாள். நான் ஒரு கார்டில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி அனுப்புவேன்.

"இதைப் படிங்க. ரெண்டாம் பக்கத்துல இருந்து" என்றாள்.

"நீதான் படிச்சிட்டியே..."

"நான் படிச்சிட்டேன். நீங்கதான் படிக்கல."

படித்தேன். அவள் விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டே வந்தாள், ஒரு சொல் கூட நான் தாவிவிடாதபடி.

விஷயம் எப்போதும் இரண்டாம் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முந்திய கடிதத்தின் இரண்டாம் பக்கம்: அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தங்கையை எப்போது பார்ப்போமோ என்று அவள் பேரையே வைத்திருக்கிறார்கள். அடுத்த கடிதத்தின் இரண்டாம் பக்கம்: பேர் வைத்தது உனக்குச் சம்மதம்தானே? அதற்கடுத்தது: சின்னத் தங்கம் நடக்கிறாள். அதற்கடுத்தது: சின்னத் தங்கத்துக்கு அம்மை வார்த்து, பிழைத்துவிட்டாள். நீ ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே?

கடைசிக் கடிதம், எட்டு மாதத்துக்கு முந்தியது. வாத்தியார் கூட அதில் வாழ்த்தைச் சுருக்கியிருந்தார். 'எத்தனை தடவை எழுதியும் குழந்தையைப் பற்றி நீ ஒரு சொல் எழுதவில்லை. உன் பேரை நாங்கள் எடுத்துக்கொண்டது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.'

பத்தி எழுதுகிறவனுக்கு எந்த இடத்திலும் ஒரு வேடிக்கை வார்த்தை அகப்படும் என்பார்கள். அன்றைக்கு அகப்படவில்லை.

"புள்ளைக்கு அஞ்சு வயசு" என்றாள் தங்கம்.

"கப்பல் தாமதம்னுதான் நான்..."

"கப்பலெல்லாம் சரியாத்தாங்க ஓடியிருக்கு."

அன்று மத்தியானம் நான் ஆபீசுக்குப் போகவில்லை. ஒரு ரப்பர் துண்டை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பதினொரு லட்சியத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குச் சைக்கிள் வேண்டுமா? கருப்பையா விழுவதைப் பார்த்த பிறகு வேண்டாம். வயலின்? மாரிமுத்து வாசிக்கட்டும், நான் தூர இருந்து கேட்கிறேன். பரீட்சை பாஸ் பண்ணி எங்கே போகப்போகிறேன்? தொந்தி இத்தனை வருஷம் என்னோடு இருந்திருக்கிறது, அதைத் துரத்த எனக்கு மனசில்லை. உண்மை என்னவென்றால், எனக்கு அந்தக் காரியங்கள் எதன்மேலும் ஆசை இல்லை. அவற்றைப் பென்சிலால் எழுதுவதில்தான் ஆசை. எழுதி முடித்தவுடன் செய்து முடித்த மாதிரி ஒரு ஏப்பம் வரும் பாருங்கள் – அதில்தான் ஆசை!

நிஜமாகவே ஒருத்தருக்கு வேண்டியதாக இருந்தது முதல் வரி ஒன்றுதான். அது எனக்கு வேண்டியதில்லை, அவளுக்கு வேண்டியது. அதனால்தானோ என்னவோ அதை நான் ஆரம்பிக்கக்கூட இல்லை.

எல்லாவற்றையும் அழித்தேன். வெறும் பலகையாக இருந்தது. அப்புறம் அடுப்படிக்குப் போய், "தங்கம், எனக்கு ஏதாவது வேலை குடு" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை வாங்க" என்றாள்.

நம்புவீர்களா? அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கம் பெரட்டு வைத்தாள்! அதே இடம். கையில் கம்புக்குப் பதிலாக அகப்பை. கருப்பையாவும் மாரிமுத்துவும் முன்கூட்டியே வந்து நின்றார்கள். கிடாவை யாரும் கட்டவில்லை, தானாகவே வந்தது. நான் கடைசியில் நின்றேன்.

"கிளாக்கரையா பெரட்டுல நிக்கிறத இப்பத்தாங்க பாக்குறேன்" என்றார் மாரிமுத்து.

"பேசாம நில்லுங்க" என்றேன்.

"ரெண்டு பேரும் பேசாம நில்லுங்க" என்றாள் தங்கம்.

வேலை பிரித்தாள். "நான் அக்காவுக்குக் கடுதாசி எழுதப்போறேன். கருப்பையாண்ணே, அதை நீங்க அன்னைக்கே தபால்ல சேக்கணும்." – "சேக்குறேம்மா." "மாரிமுத்தண்ணே, நான் எழுதி முடிக்கிறவரைக்கும் நீங்க வயலின் வாசிக்கக்கூடாது." – மாரிமுத்து முகம் வாடியது. "சரிம்மா." கிடாவுக்கு நாலு இலை போட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நீங்க ஒலை பாத்துக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. ஆனா ஒலை கொதிக்கிறவரைக்கும் அங்கேயே இருக்கணும். எந்திரிக்கக்கூடாது."

சிரிக்கிறீர்கள். ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்! உலைத்தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் ஒருவனுக்கு எத்தனை யோசனை வருகிறது தெரியுமா? முதல் நாள் பாதியில் எழுந்து முருங்கை மரத்தைப் பார்க்கப் போய்விட்டேன். சோறு குழைந்தது. இரண்டாம் நாள் எழவில்லை, ஆனால் அரிசி போட மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரைக் காவல் காத்தேன். மூன்றாம் நாள் சோறு சோறாகவே வந்தது. சின்னப் பானைச் சோறுதான். ஆனாலும் ஒன்பது வருஷத்தில் நான் ஆரம்பித்து நானே முடித்த முதல் காரியம்.

தங்கத்துக்கு அந்த ஒரு கடிதம் நாலு நாள் எடுத்தது. வாழ்த்து எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க. மொத வரியிலேயே விஷயத்தை எழுதுறேன்" என்றாள். எழுதினாள். என்னிடம் காட்டவில்லை. கருப்பையா அதைப் பைக்குள் வைக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். வழியில் இரண்டு தடவை விழுந்தானாம். "கடுதாசிக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்று வந்து சொன்னான். அவனுக்குத்தான் முழங்கை உரிந்திருந்தது.

அப்புறம் காத்திருப்பு. பதினோரு மணி ஆனால் தங்கம் பின்வாசலில் நிற்பாள். கருப்பையா தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவான், இல்லை என்று. ஒரு வாரம். பத்து நாள். மூன்று வாரம். நான் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மன்னிக்காமல் விட்டால் அதற்கு யார் காரணம் என்று எங்கள் வீட்டில் அடுப்புக்குக் கூடத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை கருப்பையா இறக்கத்தில் மணியடித்துக்கொண்டே வந்தான். நிறுத்தத் தெரியாமல் வீட்டைத் தாண்டிப் போய், வேலியில் மோதி நின்று, அங்கிருந்தே கத்தினான்: "வந்திருச்சும்மா!"

உறை கனமாக இருந்தது. மேல்விலாசத்தில் என் பேர் இல்லை. 'சௌபாக்கியவதி தங்கம்மாளுக்கு' என்று இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு வெயிலில் போய் உட்கார்ந்தாள்.

நான் உலைக்குப் பக்கத்தில் இருந்தேன். எழுந்திருக்கக்கூடாதே! அங்கிருந்தே எட்டிப் பார்த்தேன். அழுதாள். மூக்கைத் துடைத்தாள். சிரித்தாள். ஒரு பக்கத்தை முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

"தங்கம்... என்னவாம்? சொல்லேன்!"

"இருங்க. ரெண்டாம் பக்கத்துல இருக்கேன்."

ஒரு வழியாக வந்தாள். அக்காவுக்குக் கோபம் போய்விட்டதாம். வாத்தியாரே ஆச்சரியப்பட்டுப்போனாராம், இப்படி மொட்டையாக ஆரம்பிக்கிற கடிதத்தை அவர் பார்த்ததே இல்லை என்று. தை பிறந்ததும் வரச்சொல்லியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். எழுத்து ஒன்றுமில்லை. மையில் தோய்த்து அழுத்திய ஒரு சின்னக் கை. ஐந்து விரலும் இருந்தன.

நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், தங்கம் ஒரு தாளை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள்.

"அது என்ன?"

"அது ஒங்களைப் பத்தி."

"என்னைப் பத்தியா? எவ்வளவு?"

"ஒன்றரைப் பக்கம்."

"படிச்சுக் காட்டேன்."

"மாட்டேங்க."

"குடு, நானே படிச்சுக்கிறேன்."

"அடுத்தவங்க கடுதாசியப் படிக்கலாமா? தப்புல்ல?" என்றாள்.

இதை எழுதுகிற இந்த நிமிஷம்வரை கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம்! வாத்தியார் கையெழுத்தில்! அதில் வாழ்த்து எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? தை மாதம் அந்த வீட்டு வாசலில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது?

பாவம் இந்த மனுஷன் என்று எனக்கு ஆறுதல் கடிதம் எழுத நினைக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் – தயவுசெய்து என் மனைவியைப் புகழ்ந்து நாலு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற கடிதங்களை இப்போது முதலில் பிரிப்பது நானில்லை.